அம்மா சொல்லாத பெயர்

பொழுது இறங்கி, மேய்ச்சலுக்குப் போன ஆடுமாடுகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊர் திரும்பும் நேரத்தில் என் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருவாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மொரப்பூர் போகும் வண்டித்தடத்தைப் பார்த்து நின்று, இரண்டு பெயர்களை உரக்கக் கூப்பிடுவாள். "ராகேலு... தாவீது... களி ஆறுது, வூட்டுக்கு வாங்க." தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்; அவர்களுக்குப் பழகிப்போன குரல் அது. கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருப்பது போல நின்று, உள்ளே வருவாள். உள்ளே தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். களியைப் போட்டுக் கீரையை ஊற்றுவாள். ராகேல் என் அக்கா. தாவீது என் அண்ணன். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் ஊரில் வாந்திபேதி வந்தபோது ஒரே வாரத்தில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் அவர்களைப் பார்த்ததே இல்லை.

என் பெயர் எமீமாள். அந்தப் பெயரை அந்த நாளில் அம்மா வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "ஏ புள்ள" என்பாள், "இந்தா" என்பாள், அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் "அது இன்னும் சாப்பிடல" என்பாள். இறந்துபோன இரண்டு பேருக்குப் பெயர் இருந்தது, தினமும் அது தெரு முழுக்கக் கேட்டது. உயிரோடு இருந்த எனக்கு மட்டும் அந்த வீட்டில் பெயர் இல்லை. சின்ன வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை, மிட்டாயோ வளையலோ அல்ல, அம்மா ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதுதான்.

பெயர் வைத்தவர் அப்பா. அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அதோடு உபதேசியார். எங்கள் ஊரில் பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே ஓட்டுக் கட்டடம்தான். ஞாயிற்றுக்கிழமை பலகைகளைத் திருப்பிப் போட்டால் கோயில். கிறிஸ்தவக் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அவர்களில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அப்பாவிடம் பெயர் கேட்டு வருவார்கள். அப்பாவுக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை உலகத்தில் கிடையாது. வந்தவர்களை உட்காரவைத்து, ராகேல் என்றால் எபிரெய மொழியில் பெண்ணாடு, தெபோராள் என்றால் தேனீ, தாமார் என்றால் பேரீச்ச மரம் என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர்களுக்குக் கொல்லையில் வேலை இருக்கும். ஆனாலும் வாத்தியார் பேச்சு என்று பொறுமையாகக் கேட்பார்கள். தெபோராள் போன்ற பெயர்களின் கடைசியில் இருக்கும் 'ஆள்' எபிரெயத்தில் கிடையாது, பெண்பிள்ளை என்று நமக்குத் தெரிவதற்காக வேதத்தைத் தமிழாக்கியவர்கள் ஒட்டிவிட்ட வால் அது என்பதை ஏதோ ரகசியம் போலச் சொல்லிச் சிரிப்பார். ஆடும் தேனீயும் பேரீச்ச மரமும் எங்கள் கிறிஸ்தவர்கள் வீட்டில் சாணி தட்டிக்கொண்டும் கேழ்வரகு அரைத்துக்கொண்டும் இருந்தன.

எமீமாள் என்ற பெயரை அவர் எனக்கு வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வேதத்தில் ஒரு மனிதர் வருகிறார். ஆடுமாடு, சொத்து, பெற்ற பிள்ளைகள் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவர். கடைசியில் ஆண்டவர் அவருக்கு எல்லாவற்றையும் திரும்பக் கொடுக்கிறார், பிள்ளைகளையும் புதிதாகக் கொடுக்கிறார். அந்தப் புதுப்பிள்ளைகளில் மூத்த பெண்ணின் பெயர்தான் எமீமாள். இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு, அதன் பிறகு ஒரு பெண்ணைப் பெற்ற அப்பாவுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? துக்கம் முடிந்தது, ஆண்டவர் கணக்கை நேர் செய்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்லும் பெயர் அது. ஞானஸ்நானத்தன்று அந்தக் கதையையே பிரசங்கமாகச் சொன்னாராம்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காரிமங்கலம் பக்கத்து மானாவாரிக் காட்டில் கம்பும் சாமையும் விதைத்துக்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன்னால்தான் ஞானஸ்நானம் வாங்கியவள். அன்றைக்குப் பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிற்காலத்தில் அப்பா என்னிடம் அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

"மொதல்ல செத்துச்சே அந்தப் புள்ளைங்க, அதுங்க பேரு என்னங்க?"

அப்பா வேதத்தை எடுத்துப் புரட்டினார். முன்னும் பின்னும் பார்த்தார். புதிதாகப் பிறந்த பெண்கள் மூன்று பேருக்கும் பெயர் இருந்தது. வீடு இடிந்து விழுந்து செத்துப்போன மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு பெயர்கூட இல்லை. "எழுதலியே" என்றார். அன்று சாயங்காலம்தான் முதல்முதலாக வாசலில் நின்று இரண்டு பெயரையும் கூப்பிட்டாளாம். துக்கம் தாங்காமல் கூப்பிடுகிறாள், நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று அப்பா விட்டுவிட்டார். அது நிற்கவே இல்லை.

இந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. அப்பா புறா என்பார். வருஷத்துக்கு ஒரு தரம் மிஷன் வண்டியில் வந்து எங்களுக்கெல்லாம் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒரு தரம் என் பெயரைக் கேட்டுவிட்டு, தன்னுடைய மழலைத் தமிழில் பெரிய விளக்கமே கொடுத்தார். எபிரெயத்தில் 'யோம்' என்றால் நாள். அதிலிருந்து வந்தது, பகல் போல வெளிச்சமானவள் என்று சிலர் சொல்கிறார்கள். பாலைவனத்து அரபிக்காரர்கள் காட்டுப்புறாவுக்குச் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நிச்சயமாக யாருக்கும் தெரியாது. அப்பாவும் டாக்டரம்மாவும் எனக்கு முன்னாலேயே புறாவா பகலா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பேச்சு காதில் விழாதது போல உள்ளே போய்விட்டாள். கடல் தாண்டி வந்த ஒருத்திக்கு என் பெயர் மேல் இத்தனை அக்கறை, பெற்றவளுக்கு இல்லையே என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

பெற்றவள்தானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தாள். எங்களுக்கு உறவில்லை, கிறிஸ்தவளும் இல்லை. தீர்த்தமலைக்கு மாசிமாதம் தவறாமல் போய்வருகிறவள். அம்மாவுக்கு அந்த ஊரில் இருந்த ஒரே தோழி. என்னைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளி, "ஒன்ன நாந்தான் குப்பமேட்டுல இருந்து எடுத்தாந்தேன். ஒங்கம்மா ஒரு மொறம் சாமத் தவுட்டக் குடுத்து வாங்கிக்கிட்டா" என்று சிரிப்பாள். எல்லா ஊரிலும் எல்லாக் குழந்தைகளையும் இப்படிச் சீண்டுவார்கள்தான். மற்றக் குழந்தைகள் அழுதுவிட்டு அம்மாவிடம் ஓடும், அம்மா "அதெல்லாம் இல்ல" என்று சொல்லித் தூக்கிக்கொள்வாள். நான் ஓடிப்போய்க் கேட்டபோது என் அம்மா அப்படிச் சொல்லவில்லை. "ஆமா" என்றாள்.

எங்கள் வீட்டில் அக்காவும் அண்ணனும் என்னைவிட நன்றாகவே வாழ்ந்தார்கள். படுக்கும்போது அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் படுக்கும் அளவுக்கு இடம் கிடக்கும். நான் உருண்டு அந்தப் பக்கம் போனால் அம்மா என்னைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிடுவாள். எனக்கென்று புதுப்பாவாடை தைத்ததில்லை. ராகேல் வளர்ந்திருந்தால் அவளுக்கு ஆகும் என்று சொல்லி அவள் பெயரால் துணி எடுப்பாள், பிறகு அதை எனக்குப் போட்டுவிடுவாள். புழுதித் தரையில் கோலி ஆடும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ தன் முறைக்காகக் காத்திருப்பது போல இருக்கும். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கும், பார்க்காமல் இருக்கவும் முடியாது. பேய் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் வீட்டுக்காரர்கள், நான்தான் வந்து ஒண்டியவள் என்று தோன்றும்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மலையடிவாரத்து ஊர்களில் அது வருஷாவருஷம் வருவதுதான், ஆனால் அந்த வருஷம் அதற்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை. அப்பா அரூருக்கும் மொரப்பூருக்கும் நடந்தே அலைந்தார். சாக்கு, கம்பளி, அம்மாவின் சேலை எல்லாவற்றையும் போர்த்தியும் கட்டில் ஆடியது. கண்ணைத் திறந்தால் கூரை கீழே இறங்கி வருகிறது, மூடினால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிழைக்க மாட்டேன் என்று ஊரே பேசிக்கொண்டதை நான் காதால் கேட்டேன். அப்படிப் போவதாக இருந்தால் கேட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. பட்டப்பகலில், அம்மா என் நெற்றியில் ஈரத்துணியை வைத்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, ஒரே ஒரு தரம் எம்பேரச் சொல்லும்மா."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, திருடன் வந்த வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவளின் முகம். என் கையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினாள். உச்சி வெயிலில் நின்று, தொண்டை கிழிய, "ராகேலு... தாவீது..." என்று கூப்பிட ஆரம்பித்தாள். அன்று முழுக்க அவள் நிறுத்தவில்லை. நான் சாகக் கிடக்கும்போதும் அவளுக்கு அவர்கள்தான் வேண்டியிருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். என் வாழ்க்கையில் அதைப் போல வலித்தது வேறொன்றும் இல்லை, அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டேன்.

அப்பா என் தலைமாட்டில் முழங்கால் போட்டு, பள்ளிக்கூடத்துக் குரலில், "ஆண்டவரே, எமீமாளைக் குணமாக்கும்" என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே வந்து அவர் தோளைத் தொட்டாள். அவருக்கு முன்னால் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"பேரச் சொல்லாம ஜெபம் பண்ணுங்க. ஆண்டவருக்குச் சொல்லித்தான் தெரியணுமா?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தப் பிள்ளையை" என்று மாற்றிக்கொண்டார். அவருடைய உபதேசியார் உத்தியோகத்தில் அப்படி ஒரு ஜெபம் அதற்கு முன்னால் செய்திருக்க மாட்டார்.

காய்ச்சல் விட்டது. எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் நான் முதலில் போனது எதிர்வீட்டுக்கு. எங்கம்மாவுக்கு என்னைக் கண்டால் ஏன் ஆகவில்லை என்று பெரியம்மாவிடம் நேராகவே கேட்டேன். அவள் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். வரிசையாகப் பிள்ளைகள் செத்த வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் போட்டு வேறு ஒருத்தி எடுத்துக்கொள்வாள். பெற்றவள் தவிடு கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, விலைக்கு வந்த பிள்ளை என்று சாவு ஏமாந்து போய்விடும். அப்புறம் குப்பாயி, தவிட்டம்மா என்று யாரும் ஆசைப்படாத ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். அம்மாவும் இதையெல்லாம் செய்தாள். குப்பையில் இருந்து எடுத்தவள் பெரியம்மாதான், தவிடு வாங்கியதும் அவள்தான். பெயர் வைப்பதில்தான் தகராறு வந்தது.

"வாத்தியாரு ஒத்துக்கல. உபதேசியார் வூட்டுல குப்பாயியா, சபை சிரிக்காதான்னாரு. அவரு சொல்றதும் ஞாயந்தான. அவரு வெச்ச பேரோ, போனதுக்குப் பதிலா வந்த புள்ளன்னு ஊரக் கூட்டிச் சொல்ற பேரு. அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா நீ அவ புள்ளன்னு அதுக்குத் தெரிஞ்சிரும் இல்ல? அதுக்குத்தான் ஒங்கம்மா ஒன்ன எந்தப் பேரும் சொல்றதில்ல."

செத்தவர்களை ஏன் கூப்பிடுகிறாள் என்று கேட்டேன். பெரியம்மா புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த வூட்டுல இருக்கற புள்ளைங்க அதுங்க ரெண்டுந்தான்னு அது நெனச்சிக்கட்டுமுன்னுதான், கண்ணு. ஏற்கெனவே எடுத்துட்டுப் போனத மறுபடி எடுக்க வராது பாரு."

அன்று சாயங்காலம் அம்மா வாசலில் நின்று கூப்பிட்டபோது நான் உள்ளே உட்கார்ந்து கேட்டேன். நடுவில் கிடந்த படுக்கை இடமும், அக்கா பெயரால் எடுத்த பாவாடையும், அந்தக் குரலும் எனக்கு முன்னால் எழுப்பி வைத்த வேலி என்று அப்போது புரிந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதான், பட்டேன். ஆனால் கூடவே ஒரு குளிரும் வந்தது. இத்தனை வருஷமாக அவள் மறைத்து வைத்திருக்கிறாள் என்றால், வெளியே தேடிக்கொண்டு ஒன்று நிற்கிறது என்றுதானே அர்த்தம்? அதற்கு முன்னால் அக்காவுக்கும் அண்ணனுக்கும் பயந்த நான், அதன் பிறகு வாசலுக்குப் பயந்தேன்.

அம்மாவிடம் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தரம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல் செதுக்கப் போனோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புங்கமரத்தடியில் இரண்டு சின்ன மேடுகள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அம்மா ராகேலின் மேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். "செத்தும் ஒங்களத் தூங்க விடலியே நானு. இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்க சாமி, சின்னது பெருசாவட்டும்" என்றாள். நான் குடத்தோடு மரத்துக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். என்னைக் காப்பதற்காக அவள் தன் மற்ற இரண்டு பிள்ளைகளையும் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தாள். அது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

வாத்தியார் பயிற்சிக்காக நான் சேலம் போனேன். மொரப்பூர் ஸ்டேஷனில் அப்பா ஜன்னல் ஓரத்தில் நின்று ஜெபம் பண்ணினார், பெயர் சொல்லாமல். அது அவருக்குப் பழகிவிட்டிருந்தது. ரயில் நகர்ந்ததும் அம்மா கூடவே நடந்துவந்து, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி, "ராகேலு, தலய வெளிய நீட்டாத, பாத்துப் போ" என்றாள். "சரிம்மா" என்றேன் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முறுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "ராகேலா ஒம்பேரு?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

சுதந்திரம் வந்ததற்குப் பிறகு ஒரு கோடையில் அப்பா விடுதிக்கே வந்து நின்றார். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, டாக்டரம்மா கைவிரித்துவிட்டார் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது பகல் வெளிச்சம் வீடு முழுக்க இருந்தது. அம்மா கட்டிலில் பாதியாகக் கிடந்தாள். கண் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பு போலப் பயந்து பார்க்கவில்லை. வரச் சொன்ன ஆள் வந்துவிட்டால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எமீமாளு" என்றாள்.

எவ்வளவு வருஷம் காத்திருந்த சொல். அடுத்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாவு வந்திருப்பது தனக்காக என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்க்காது, இனிமேல் கூப்பிடலாம் என்று துணிந்துவிட்டாள். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று இருந்தது. நான் பதில் சொல்லாவிட்டால் அவள் கூப்பிட்டது செல்லாது என்பது போல, பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அப்பா வேதத்தை மூடி வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எமீமாளு, காது கேக்குதா இல்லியா? எத்தன தரம் கூப்புடுறது?"

சாப்பிட வராத பிள்ளையை அதட்டும் குரல். தெருப்பிள்ளைகள் எல்லாரும் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அதட்டல், எனக்கு மட்டும் கிடைக்காதது. "இதோ வந்துட்டேம்மா" என்று போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. சும்மா சும்மா கூப்பிட்டாள், நான் ஒவ்வொரு தரமும் என்னம்மா என்றேன். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

இப்போது எனக்கு வயது ஏறிவிட்டது. டீச்சரம்மா, பாட்டி என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட என்னைவிட மூத்தவர்கள் யாரும் மிச்சமில்லை. பேத்தி தன் செல்போனில் தேடிப் பார்த்து, ஒங்க பேருக்குப் புறான்னு அர்த்தம் பாட்டி, இல்லேன்னா பகலாம் என்று சொன்னாள். சரி என்றேன். மாதம் ஒரு தரம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அங்கே சீட்டைப் பார்த்து நர்ஸ் பெண் உரக்க, எமீமாள் என்று கூப்பிடுகிறாள். முதல் தரம் கூப்பிடும்போது நான் எழுந்திருப்பதில்லை, மடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள், பாவம், பாட்டிக்குக் காது மந்தம் என்று பேசிக்கொள்கிறார்கள். இரண்டாவது தரம் கொஞ்சம் அதட்டலோடு கூப்பிட்டதும் எழுந்து போகிறேன். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.